உப்புப் பாத்தியின் கடைசித் தண்ணீர்

1. வேப்பமரத்தடி

2023 ஜனவரி 30, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். காஞ்சிபுரத்தில் பனி விலகியிருந்தது. வானத்தில் மேகமில்லை, வடக்கிலிருந்து லேசான காற்று. நிழலில் நின்றால் குளிர்ந்தது, வெயிலில் நின்றால் சுட்டது. எங்கே நிற்பது என்று முடிவு செய்ய முடியாமல், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வேப்பமரத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள். என் கையில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டிருப்பது பற்றிய மனு இருந்தது. ஐந்தாவது மனு.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சாயப்பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். கடைசி பதினெட்டு வருடம் மேற்பார்வையாளர். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது தெரியும். உப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது, சாம்பாரில் குறைந்தால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது மட்டும்தான். இதைப் படிக்கும் இளையவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும். எனக்கே பல நேரம் இது மறந்துபோனது. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

மரத்தடியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவர் பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தார். அந்த அம்மாள் என் சட்டைப் பையில் இருந்த பேனாவையே பார்த்தார்.

"சார், ஒரு மனு எழுதித் தரீங்களா? இன்னா காசோ தந்துடறேன்."

"நான் மனு எழுதறவன் இல்லமா. நானே மனு குடுக்க வந்தவன்."

"எழுதத் தெரியும் இல்ல? அது போதும்."

அவர் பெயர் பவுனம்மா. செய்யூருக்கு அப்பால் கடலோரம் ஒரு குடியிருப்பு. அங்கே வெள்ளைக்காரன் காலத்து உப்பளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது; அதை எங்கள் குழுவுக்குக் கொடுங்கள், உப்பு எடுக்கிறோம் என்று கேட்க வந்திருந்தார். கூட வந்தவர் கன்னியப்பன், அவருக்கு மாமா முறை.

"செய்யூரு இப்ப செங்கல்பட்டு ஜில்லாமா. இங்க எதுக்கு வந்தீங்க?"

"அங்க போனோம். ஜில்லா பிரியறதுக்கு முன்னாடி உள்ள காயிதக் கட்டு காஞ்சிபுரத்துல இருக்குதுன்றாங்கோ. இங்க வந்தா, கடலு எங்களுது இல்லன்றாங்கோ. ரெண்டு பேரும் சொல்றது மெய்யாத்தான் இருக்குது. நாங்க எங்க போறது?"

எனக்கும் விளங்கவில்லை. இரண்டு அலுவலகத்துக்கும் பொதுவாக ஒரு மனு எழுதினேன். தொடர்புக்கு எண் கேட்டபோது பவுனம்மாவின் போன் சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது. எண்ணும் அவருக்கு மனப்பாடமில்லை. கன்னியப்பனிடம் போனே இல்லை. வேறு வழியில்லாமல் என் எண்ணைப் போட்டேன். எண்ணைப் போட்டால் பெயரும் போடவேண்டும் அல்லவா? பெயர் போட்டேன். பெயர் போட்டால் யார் என்று போடவேண்டும். "சாயப்பட்டறை மேற்பார்வையாளர் (ஓய்வு)" என்று போட்டேன்.

மனு போன இடத்தில் அதைப் படித்தவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, இருபத்து மூன்றாம் நாள் உப்பு இலாகாவிலிருந்து எனக்குப் போன் வந்தது. "நீங்கதானே அந்தக் குழுவோட தொழில்நுட்ப ஆலோசகர்?" என்றார் ஒருவர். இல்லை என்று நான் விளக்க ஆரம்பித்தபோது, "ஒரு பருவத்துக்குச் சோதனை அனுமதி குடுத்திருக்கோம், லெட்டர் அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள்.

"தெருவுல சாக்கடை அடைச்சிக்கினு இருக்குதுன்னு போனீங்க. கடல எழுதி வாங்கிக்கினு வந்திருக்கீங்க."

அப்போதுதான் நினைவு வந்தது. சாக்கடை மனுவை அன்று கொடுக்கவே இல்லை. அது சட்டைப் பையிலேயே துவைக்கப்பட்டுவிட்டது.

2. எல்லாம் தலைகீழ்

கடிதத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவது என்றுதான் போனேன். செங்கல்பட்டில் ஒரு பஸ், செய்யூரில் ஒரு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. இறங்கிய இடத்தில் வேலிக்காத்தான் முள் ஆளுயரத்துக்கு நின்றது. அதற்குள்ளே செங்கல் கிடங்கு ஒன்று. சுவர் ஒன்றரை முழ அகலம், கூரை இல்லை, நடுவில் ஒரு பனைமரம் வளர்ந்திருந்தது. அந்தக் காலத்தில் உப்பைப் பூட்டிக் காவல் வைத்த இடம் என்றார்கள். கழிமுகத்தை ஒட்டி ஒரு மதகு. அதன் கல் அப்படியே இருந்தது. பலகை மட்டும் இல்லை. அதற்கப்பால் சேறும் வெடிப்புமாகப் பாத்திகள். எண்ணினேன், நாற்பத்தாறு. பதினோரு பெண்கள் சேர்ந்து அவற்றில் பன்னிரண்டைச் சுத்தம் செய்திருந்தார்கள். சுத்தம் என்றால் முள்ளை வெட்டி, சேற்றை வாரி, தரையைக் காலால் மிதித்து மிதித்துச் சிமெண்ட் தரைபோல ஆக்கியிருந்தார்கள்.

கடிதத்தைப் படித்துச் சொன்னேன். இந்தப் பருவத்தில் எடுக்கும் உப்பில் மே மாதம் இன்ஸ்பெக்டர் வந்து மாதிரி எடுப்பார். உணவுக்கு ஆகும் உப்பு என்று சான்று வந்தால் குழுவுக்கு ஐந்து வருடக் குத்தகை. வராவிட்டால் வரிசையில் அடுத்து இருப்பவருக்கு இடம் போகும்.

"அடுத்து யாரு?" என்று கேட்டேன்.

"இறால் பண்ணைக்காரரு," என்றார் பவுனம்மா. "அவரு மெஷினை எறக்கி அத்தினியும் குட்டையா வெட்டிடுவாரு. நாலு ஆம்பள போதும் அவருக்கு."

இந்தப் பதினோரு பேரும் அதுவரை விடியுமுன் வேன் ஏறி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகளில் தரை துடைக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். உப்பளத்தை நம்பி நின்றுவிட்டார்கள். வேன்காரர் அவர்கள் இடத்தில் வேறு ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டார். திரும்பிப் போக இடமில்லை. இதைப் பவுனம்மா அழுது சொல்லவில்லை. "சீட்டு ரொம்பிப் போச்சி சார்," என்று பஸ்ஸில் சொல்வதுபோலச் சொன்னார்.

பாத்தி ஓரத்தில் பழைய உப்புப் படிவு கொஞ்சம் இருந்தது. சுவை பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். பவுனம்மா தன் கையில் இருந்ததை எனக்குத் தராமல், ஒரு பூவரச இலையைக் கிள்ளி, அதில் வைத்து, வரப்பில் வைத்தார்.

"எடுத்துக்குங்க. கையில உப்பு குடுத்தா சண்டை வரும்."

"நமக்குள்ள என்னமா சண்டை?"

"வராது. வந்துடப் போவுதுன்னுதான்."

எங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் உப்பே தொழிலாகப் போகும் இடத்திலும் இப்படித்தானா, ஒரு நாளைக்கு எத்தனை முறை கீழே வைத்து எடுப்பார்கள் என்று எனக்குக் கவலை வந்தது. கேட்டேன். "கூடையில போனா வியாபாரம், கையில போனா உறவு. உறவுலதான் சண்டை வரும்," என்றார். இது விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது.

கடிதத்தைக் கொடுத்தாயிற்று. ஆனால் கிளம்பவில்லை. பதினோரு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆலோசகர் என்று கடிதத்தில் அச்சடித்திருந்தது. அதை நான்தான் உரக்கப் படித்தேன்.

அங்கே எனக்கு எல்லாமே தலைகீழாக இருந்தது. சாயப்பட்டறையில் பட்டை நிழலில்தான் உலர்த்துவோம். வெயில் பட்டால் நிறம் போகும். இங்கே நிழல் விழுந்தால் திட்டுகிறார்கள். எங்களுக்கு உப்புத் தண்ணீர் விரோதி. இங்கே நல்ல தண்ணீர் விரோதி. ஒரு மேகம் வந்தால் பதினோரு பேரும் ஒன்றாக அண்ணாந்து பார்ப்பார்கள். முதல் நாள் வெயில் தாங்காமல், "பாத்திக்கு மேல ஒரு பந்தல் போட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன். பவுனம்மா சிரிக்காமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கன்னியப்பன் வைத்துக்கொள்ளவில்லை.

3. கேள்வி

மார்ச் கடைசியில் மதகுக்குப் பலகை போட்டோம். கழியில் நீர் ஏறும்போது உள்ளே விட்டு, பாத்தி பாத்தியாக நகர்த்தி, கடைசிப் பாத்திகளில் கட்டினார்கள். ஏப்ரல் நடுவில் ஒரு காலை தண்ணீர் மேல் பாலாடை போல ஏதோ படர்ந்தது. மாலையில் அது உடைந்து அடியில் இறங்கியது. பவுனம்மா காலை உள்ளே விட்டுப் பார்த்து, "நறநறன்றது" என்றார். பதினோரு பேரும் பாத்திக்குள் இறங்கி ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் இறைத்து விளையாடினார்கள். பிறகு கால் எரிகிறது என்று ஓடினார்கள்.

எட்டாம் நாள் அடியில் இரண்டு விரற்கடை உப்பு. மேலே கொஞ்சம் தண்ணீர் மிச்சம். அந்தத் தண்ணீர் எண்ணெய் போல கனமாக, லேசான சிவப்பாக இருந்தது. கேள்வி அப்போது வந்தது. இந்தத் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு உப்பை வாருவதா? அல்லது அதுவும் காய்ந்து உப்பாகும்வரை காத்திருப்பதா?

"சிவப்பு தட்டினா தொறந்து உட்டுடணும்," என்றார் கன்னியப்பன். "எங்கப்பன் இந்த அளத்துல வேலை செஞ்சவரு. அவரு சொன்னது."

"மாமா, உங்கப்பன் வெள்ளக்கார தொரைங்க யானை மேல வந்து உப்பு அளந்தாங்கன்னும் சொன்னாரு," என்றார் பவுனம்மா.

"வந்தாங்கடி."

"இந்தச் சேத்துல யானை நடக்குமா? உன்னையே ரெண்டு பேரு தூக்கிவிட வேண்டியிருக்குது."

"சரி, உனக்கு இன்னா தெரியும்? நீதான மரக்காணத்துல உப்பு வேலை செஞ்சவ?"

"நான் தலையில கூடை தூக்கினவ. தண்ணி கட்டறவன் வேற ஆளு. அவன் இன்னா பண்ணான்னு கூடைக்குக் கீழ இருந்து எனக்குத் தெரியுமா?"

உண்மை அதுதான். உப்பைச் சுமந்தவர்கள் இருந்தார்கள், உப்புக் கதை கேட்டவர் இருந்தார், தண்ணீரைக் கட்டிய ஆள் ஒருவர்கூட அந்த ஊரில் இல்லை. ஒரு பெண் போனில் வீடியோ தேடி எடுத்தாள். குஜராத்து உப்பளம், இந்தியில் பேசினார்கள். ஒருவர் மண்வெட்டியோடு வரப்பருகே குனிந்தார். திறக்கிறாரா அடைக்கிறாரா என்று பதினோரு பேரும் தலையை முட்டிக்கொண்டு நான்கு முறை பார்த்தார்கள். ஆறு பேர் திறக்கிறார் என்றார்கள். ஐந்து பேர் அடைக்கிறார் என்றார்கள். அதற்குள் அதில் விளம்பரம் வந்துவிட்டது.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் என்ன நினைத்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். சாயப்பட்டறையில் ஒரு சாயக்காரன் கெட்டிக்காரனா இல்லையா என்பதைப் பட்டைப் பார்த்துச் சொல்லமாட்டோம். தொட்டியில் மிஞ்சும் தண்ணீரைப் பார்த்துச் சொல்லுவோம். சாயம் அவ்வளவையும் பட்டு குடித்து, மிஞ்சும் தண்ணீர் வெறும் தண்ணீராகத் தெளிந்திருந்தால் அவன் தொழில் தெரிந்தவன். நிறத்தோடு தண்ணீரைக் கொட்டுபவன் சரக்கைக் கொட்டுகிறான். முப்பத்து நான்கு வருடத்தில் நிறமுள்ள தண்ணீரைச் சாக்கடையில் விட நான் யாரையும் அனுமதித்ததில்லை. இங்கே சிவப்பாக, கனமாக, இன்னும் சரக்கோடு நிற்கும் தண்ணீரைத் திறந்து விடச் சொல்கிறார்கள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

"தண்ணியில சரக்கு இருக்குதுமா. அது தெளியாம விடக் கூடாது. காயட்டும்," என்றேன்.

பவுனம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். "அவ்ளோதான? ரோசனை பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"சரி, காயட்டும்" என்று சொல்லி மண்வெட்டியைக் கீழே போட்டார். பன்னிரண்டு பாத்தியிலும் தண்ணீர் நின்றது.

4. வேர்க்கும் குவியல்

தண்ணீர் தெளியவில்லை. ஒவ்வொரு நாளும் இன்னும் கனமாகி, பிசுபிசுத்து, பிறகு ஒரு கூழாக உப்போடு ஒட்டிக்கொண்டது. மே மாதம் ஆகிவிட்டதால் அப்படியே வாரிக் குவித்தார்கள். குவியல் வெயிலில் வேர்த்தது. காலையில் தொட்டால் ஈரம், மத்தியானம் தொட்டாலும் ஈரம். ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டேன். முதலில் உப்பு, பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு. அது ராத்திரி காஞ்சிபுரம் வந்த பிறகும் இருந்தது.

பவுனம்மா சுவைத்துவிட்டுத் துப்பினார். "இன்னா சார் இது? பேதிக்குக் குடிக்கிற மருந்தாட்டம் இருக்குது."

"அதான் தண்ணிய தொறந்து உடச் சொன்னேன்," என்றார் கன்னியப்பன்.

"நீ சொன்னது சரின்னு இப்ப தெரியுதா மாமா?"

"தெரியாது. எங்கப்பன் உடணும்னு சொன்னாரா, உடக் கூடாதுன்னு சொன்னாரான்னு ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிக்கினு இருக்கறேன். ஏதோ ஒண்ணு சொன்னாரு."

அந்த வாரம் இறால் பண்ணைக்காரர் காரில் வந்தார். தகராறு செய்யவில்லை. இறங்கி, குவியலைச் சுற்றிப் பார்த்து, எல்லாருக்கும் குளிர்பானம் வாங்கி வந்ததாகச் சொன்னார். "தோத்துட்டா மனசு விடாதீங்கமா, நாலு பேருக்கு நான் வேலை தர்றேன்," என்றார். பதினோரு பேரில் யாரும் பாட்டிலைத் தொடவில்லை. கன்னியப்பன் மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டார். பவுனம்மா முறைத்தபோது, "குடிச்சா மட்டும் அவன் பக்கம் ஆயிடுவேனா? காசு அவனுக்குத்தான நட்டம்," என்றார்.

கார் போன பிறகு எல்லாரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் வர ஒன்பது நாள் இருந்தது. புதிதாக உப்பு எடுக்க நேரம் போதாது. என் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பட்டுநூலா இருந்தா ரெண்டு தண்ணியில அலசி எடுத்துடுவேன்."

"அலசேன்," என்றார் பவுனம்மா. அதுவரை வாங்க போங்க என்றவர் அன்றுதான் ஒருமைக்கு வந்தார். "அலசேன்யா. இன்னா தண்ணில அலசப் போறே? உப்பைத் தண்ணில போட்டா அப்பறம் தண்ணியத்தான் இன்ஸ்பெக்டருக்குக் காட்டணும்."

"நான் அலசறேன்னு சொல்லல. பட்டுநூலா இருந்தான்னு சொன்னேன்."

"பட்டு இல்லியே. பட்டு இல்ல, வேன் இல்ல, தண்ணியும் உன் பேச்சைக் கேட்டு நின்னுச்சி. இப்ப..." என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். பக்கத்துப் பாத்தியில் புதிதாக ஏறியிருந்த தண்ணீரைப் பார்த்தார். "மாமா, அந்தப் பாத்தித் தண்ணி இன்னா பதம்?"

"நாளைக்கு ஆடை கட்டும்."

"அப்ப அதுக்கு உப்பால வயிறு ரொம்பியிருக்குது இல்ல? வயிறு ரொம்பினது இன்னும் எவ்ளோ துண்ணும்? அதுல அலசினா கசப்பு மட்டும் போவுமா, போவாதா?"

எனக்குத் தெரியவில்லை. கன்னியப்பனுக்கும் தெரியவில்லை. ஆனால் பவுனம்மா கேட்ட விதத்தில் ஒரு நியாயம் இருந்தது. சாயம் ஏறி முடிந்த பட்டும் இன்னொரு சொட்டுச் சாயம் குடிக்காது.

மறுநாள் மூங்கில் கூடைகளில் உப்பை அள்ளி, அந்தத் தண்ணீரில் முக்கி, ஆட்டி, எடுத்தார்கள். நான் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரப்பில் நின்று கூடைகளை எண்ணினேன். நாற்பது கூடை போனது. கரைந்தது போக முப்பத்தொரு கூடை உப்புதான் திரும்பி வந்தது. தண்ணீர் நாங்கள் நினைத்த அளவு வயிறு நிறைந்திருக்கவில்லை போலும். நான் எண்ணுவதைப் பார்த்துப் பார்த்துப் பெண்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. அதோடு நிறுத்திவிட்டார்கள். மீதிக் குவியலை அலசாமல் அப்படியே பனை ஓலை போட்டு மூடினார்கள். நான் வரப்பிலிருந்து இறங்கும்போது வழுக்கி, முழங்கால் மதகுக் கல்லில் இடித்தது.

ஆக, இரண்டு குவியல். அலசியது ஒன்று, அலசாதது ஒன்று. அலசியது வெள்ளையாக இருந்தது. அதன் கசப்பு குறைந்ததாகப் பவுனம்மா சொன்னார். என் நாக்குக்கு அந்த வாரம் எல்லாமே கசந்தது. என் சாட்சி செல்லாது.

5. மாதிரி

மே 22, திங்கட்கிழமை, பதினொன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயது, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. வெள்ளைக் குவியல் பக்கம் அவரை நடத்திக்கொண்டு போக வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். பவுனம்மா முன்னால் நடந்தார். இன்ஸ்பெக்டர் நின்று ஓலையைக் காட்டினார்.

"அது என்னம்மா?"

"அதுவும் உப்புதான் சார்."

"ஒரே அளத்து உப்பா?"

பவுனம்மா என்னைப் பார்த்தார். நான் கன்னியப்பனைப் பார்த்தேன். கன்னியப்பன் கடலைப் பார்த்தார்.

"ஒரே அளம்தான் சார்," என்றார் பவுனம்மா.

ஓலையை நீக்கினார்கள். அடியில் மண் ஈரமாக, ஒரு சின்ன வாய்க்காலே வெட்டியதுபோல நீர் வடிந்து ஓடிய தடம் இருந்தது. மேலே உப்பு காய்ந்து கிடந்தது. ஒன்பது நாள் முன்பு வேர்த்த குவியல் அது. எங்கள் யாருக்கும் இது தெரியாது. பயத்தில் யாரும் ஓலையைத் தூக்கியே பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு குவியலிலிருந்தும் பத்து இடத்தில் அள்ளி ஒரு தட்டில் கொட்டினார்.

"சார், ரெண்டையும் கலக்காதீங்க. தனித்தனியா எடுங்க."

"ஏன் சார்? வேற வேற உப்பா?"

வேறு என்றால் ஏன் வேறு என்று கேட்பார். ஒன்று என்றால் கலப்பார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் கையாலேயே நன்றாகக் கலந்து, பையில் போட்டுச் சீல் வைத்தார். கிளம்பும்போது, "இந்தக் கடைசித் தண்ணிய என்ன செஞ்சிய?" என்று கேட்டார்.

"காய விட்டோம்," என்றேன்.

"காய விடமாட்டாவளே," என்றார். பிறகு யோசித்து, "சில இடத்துல விடுவாவ," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

இருபத்தாறு நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. உணவுக்கு ஆகும், சான்று அனுப்புகிறோம், குத்தகைக்குக் கையெழுத்துப் போட வரச் சொல்லுங்கள். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பவுனம்மாவுக்குப் போன் போட்டேன். அணைந்திருந்தது. முழங்காலில் கட்டோடு பஸ் ஏறினேன்.

அவர்கள் கிடங்குச் சுவர் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். யாரும் கத்தவில்லை. பவுனம்மா சோற்றில் இருந்த கையை எடுக்காமல், "அஞ்சி வருசமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப அந்த வேன்காரன் இனிமே ஹாரன் அடிச்சா நான் போத்திக்கினு படுத்துக்குவேன்," என்றார். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே அழுதாள்.

எதனால் தேறியது என்று கேட்டேன். அலசியதாலா? ஓலைக்கடியில் தானே வடிந்ததாலா? அல்லது கசப்பு என்று நாங்கள் நினைத்தது அந்த அளவு கசப்பே இல்லையா? கலந்த பையில் எந்தக் கல் எந்தக் குவியல் என்று யார் சொல்வது?

"அலசினதாலதான்," என்றார் பவுனம்மா.

"தண்ணிய தொறந்து உடாம வெச்சோமே, அதனாலதான்," என்றார் கன்னியப்பன். "எங்கப்பன் உடவே கூடாதுன்னாரு. இப்ப நல்லா ஞாபகம் வந்துச்சி."

தொழில் ஆரம்பிக்கும் இளையவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லவேண்டும். தெரியாத தொழிலில் இறங்காதே என்று சொல்லமாட்டேன். இறங்காவிட்டால் அந்தப் பாத்திகளில் இப்போது இறால் இருக்கும். நான் சொல்வது இவ்வளவுதான். எது செய்தாலும் ஒரு பாதியில் செய், மறுபாதியை விட்டு வை. இரண்டையும் தனித்தனியாக வை. அதிகாரியே வந்தாலும் கலக்க விடாதே. வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லிவிடு. அடுத்த பருவத்தில் ஆறு பாத்தியில் கடைசித் தண்ணீரைத் திறந்து விட்டோம், ஆறில் விடவில்லை. குவியலுக்குக் குவியல் குச்சி நட்டு, சுண்ணாம்பில் எண் போட்டோம். திறந்து விட்ட ஆறு பாத்தி உப்பும் மூன்றே நாளில் உலர்ந்தது; விடாத ஆறும் பழையபடி வேர்த்தது. ஒரு வருடம் தாமதமாக அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தது. முதல் வருடம் எப்படித் தேறினோம் என்பதற்குத்தான் இன்னும் விடை இல்லை.

அன்று நான் கிளம்பும்போது பவுனம்மா வெள்ளைக் குவியலிலிருந்து இரண்டு படி உப்பை ஒரு துணிப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். கையை நீட்டினேன். அவர் பையை வரப்பில் வைத்தார்.

"ஒரு ரூபா வெச்சிட்டு எடுத்துக்கினு போங்க."

"எனக்கே விலையாமா?"

"உப்பைச் சும்மா வாங்கினாலும் சண்டை வரும். ஏற்கெனவே ஒருவாட்டி உங்கள வா போன்னு பேசிட்டேன். போதும்."

ஒரு ரூபாய் நாணயத்தை வரப்பில் வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டார், நான் பையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த முதல் பருவத்தில் பதினேழு தடவை போய்வந்த பஸ், ஷேர் ஆட்டோ, வழியில் சாப்பாடு 5,780. ரப்பர் பூட்ஸ் 640. பாத்திக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு முறை டீசல் 1,200. முழங்காலுக்கு எக்ஸ்ரேயும் மருந்தும் 2,340. தேவைப்பட்டதா இல்லையா என்று இன்றுவரை தெரியாத அந்த அலசல் வேலைக்கு, அவர்கள் கேட்காமலே நான் கொடுத்த ஒரு நாள் கூலி பதினோரு பேருக்கு 4,400. உப்பு 1. ஆக மொத்தம் பதினான்காயிரத்து முந்நூற்று அறுபத்தொரு ரூபாய்.